எழுபத்தாறு யாருடையது

குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை எடுக்கும் டாக்டர் காஸ்நபிஷ் அம்மாவின் மேசைமேல் கிடந்த ரிப்போர்ட்டில் நான்கு எண்கள் இருந்தன. ஒரே வீட்டில் குடியிருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல நான்கும் ஆளுக்கொரு பக்கம் நின்றன. சுபமய் லாஹா அவற்றை மேலிருந்து கீழாகப் படித்தான். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தான். அது தொழில் பழக்கம். வட கல்கத்தாவில் பஞ்சாங்கம் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் அவன் பிழை திருத்துகிறவன். ஒரு திதி கொஞ்சம் பிசகினாலும் ஊரில் பாதிக் கல்யாணம் தப்பான வேளையில் நடந்துவிடும் என்பதால், எந்த எண்ணையும் இரண்டு பக்கமிருந்தும் பார்க்காமல் அவன் நம்புவதில்லை.

எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மகள் டுனியின் எண்கள் அப்படியேதான் இருந்தன. சொல்லை விளங்கிக்கொண்டு பேசும் திறன், நூற்று முப்பத்தெட்டு. கட்டைகளையும் வடிவங்களையும் வைத்து யோசிக்கும் திறன், நூற்று இருபத்தொன்று. காதில் விழுந்ததை மனதில் பிடித்துவைத்துத் திருப்பிச் சொல்வது, நூற்றொன்பது. கையில் பென்சிலைக் கொடுத்து, கடிகாரத்தை ஓடவிட்டு வேலை வாங்கினால், எழுபத்தாறு.

"நூறுங்கிறது நடுவாந்திரம்," என்றார் டாக்டர். "உங்க பொண்ணு மூணுல மேல இருக்கா. ஒண்ணுல நல்லாவே கீழ இருக்கா."

"மொத்தத்துல எவ்வளவு?" என்று கேட்டாள் ஷர்பாணி. சுபமயின் மனைவி ஒரு செய்தித் தொலைக்காட்சியில் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுகிறவள். அமைச்சரவை கவிழ்ந்தாலும் ஆறு வார்த்தைக்குள் கவிழ வேண்டும் அவளுக்கு.

"மொத்தம் போடல."

"ஏன்?"

"உங்க செருப்பு என்ன சைஸ்?"

"அஞ்சு."

"அவரோடது?"

"ஒன்பது."

"ரெண்டையும் கூட்டி வகுத்து, ஏழு சைஸ்ல ரெண்டு ஜோடி வாங்கிட்டுப் போங்க. யாராவது ஒருத்தர் நிம்மதியா நடப்பீங்களா? இந்த மாதிரி ஏறி இறங்கிக் கிடக்கிற எண்ணைக் கூட்டி வகுத்தா வர்றது எந்தக் குழந்தையும் இல்ல."

ஷர்பாணி சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மிஸஸ் நியோகி கேட்டதும் அதைத்தான். டுனிக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன பரீட்சையில் சரித்திரத் தாளில் ஒரு கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அதைப் படித்த டீச்சர் பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாராம். மீதி நான்கு கேள்விக்கு வெறும் தாள். கணக்கிலும் அப்படியே, போட்டதெல்லாம் சரி, போட்டது பாதிதான். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்கவில்லை என்று டிபன் நேரத்தில் வகுப்பிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் முற்றத்தில் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் எழுதுவாள். ஒரு மாதமாகச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது.

"இது மந்தமா, மெத்தனமான்னு எனக்குத் தெரியணும்," என்று மிஸஸ் நியோகி சொல்லியிருந்தார். "டெஸ்ட் எடுத்து நம்பரைக் கொண்டு வாங்க. நூறுக்குக் கீழன்னா மறுபடி மூணாங்கிளாஸ். நூறுக்கு மேலன்னா கண்டிச்சு வளர்க்கணும், வேற வழியில்ல."

"முழு ரிப்போர்ட்டையும் பள்ளிக்கூடத்துல காட்டுங்க," என்றார் டாக்டர் காஸ்நபிஷ். "பரீட்சையில கூடுதல் நேரம் கேளுங்க. எழுதி எடுக்கிற வேலையைக் குறைக்கச் சொல்லுங்க. எழுபத்தாறை மறைச்சா அது எங்கேயும் போயிடாது. உதவிதான் வராமப் போகும்."

"இது ஏதாவது வியாதியா டாக்டர்?"

"கண்ணு பார்த்தாச்சு, விரல் பார்த்தாச்சு, பயமான்னும் பார்த்தாச்சு. பென்சில் டெஸ்ட்டுல அத்தனை கட்டத்துலயும் ஒரு தப்புகூடப் போடல அவ. மெதுவாப் போட்டா, அவ்வளவுதான். சிலர் அப்படித்தான்." டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே சுபமயைப் பார்த்தார். "வீட்டுல வேற யாராவது இப்படி உண்டா?"

கேள்வி சுபமயின் காதில் விழுந்தது. அதை அவன் மரியாதையாக உள்ளே அழைத்து உட்கார வைத்தான். இப்படி என்றால் எப்படி என்று யோசித்தான். தன் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. சொல்லலாமா என்று பார்த்தான், சொல்லலாம் என்று தோன்றியது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தேடினான்.

"அப்படி யாரும் இல்ல டாக்டர்," என்றாள் ஷர்பாணி.

டாக்டர் அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்தவரை அனுப்பச் சொல்லி மணியடித்தார்.

மாடிப்படியின் இரண்டாவது வளைவில் சுபமய் சொன்னான், "நான்தான்னு நினைக்கிறேன்." அதற்குள் ஷர்பாணி மூன்றாவது வளைவில் இறங்கிக்கொண்டிருந்தாள், காதில் போன். "தாதா, நூத்தி முப்பத்தெட்டு!" என்று அண்ணனிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

இவனுடைய பதில்கள் எல்லாமே இப்படித்தான். எவராவது ஒன்று கேட்டால் சரியான பதில் இவனிடம் இருக்கும். அது புறப்பட்டு வாய்க்கு வந்து சேரும்போது பேச்சு அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அரசியலைப் பற்றிச் சொல்ல வந்தது மாம்பழப் பேச்சில் வந்து விழும். எல்லாரும் ஒரு கணம் அவனைப் பார்ப்பார்கள், பிறகு மாம்பழத்துக்குத் திரும்புவார்கள். நாளடைவில் அவன் பேசாதவன் என்று பேர் வாங்கிவிட்டான். ஆழமான ஆள் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டார்கள். அதையும் அவன் மறுக்க நினைத்தான், மறுப்பு வந்து சேர்வதற்குள் சொன்னவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

நம் ஊரில் குழந்தை பிறந்த அன்றே மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று பாகப்பிரிவினை ஆரம்பித்துவிடும். அதுவும் அப்பா ஒரு கரை, அம்மா ஒரு கரை என்றால் சொல்லி மாளாது. எல்லை தாண்டிக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் பாங்கால். இந்தப் பக்கமே தலைமுறையாகக் கிடக்கிறவர்கள் கொட்டி. ஷர்பாணி பாரிசாலிலிருந்து வந்த பாங்கால் வீடு, சுபமய் ஷியாம்பஜார் கொட்டி வீடு. கல்லூரியில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் சமாதானமாகத்தான் இருந்தார்கள். இரண்டு வீட்டாரும் இன்றுவரை சண்டையை நிறுத்தவில்லை. இல்லிஷ் மீன் உசத்தியா, இறால் உசத்தியா, பருப்பில் சர்க்கரை போடலாமா, கால்பந்தில் யார் ஜெயிக்க வேண்டும் என்று எதுவும் மிச்சமில்லை. டுனியின் மூக்கு பாங்கால் என்றும் காது கொட்டி என்றும் எட்டு வருஷம் முன்பே தீர்ப்பாகிவிட்டது. இப்போது உள்ளே இருக்கும் சரக்குக்கும் எண் போட்டுத் தாள் வந்துவிட்டது. விடுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு தரப்பும் சுபமயின் டாக்குரியா ஃபிளாட்டில் வந்து இறங்கின. ஷர்பாணியின் அண்ணன் பொல்டு மாமா, கோர்ட்டில் வக்கீல், வாழையிலையில் சுற்றிய இல்லிஷ் மீனுடன் வந்தார். சுபமயின் அக்கா மஞ்சரி, மற்றவர்களுக்குத் திதி, அதாவது அக்கா, டுனிக்கு அத்தை, நம் வழக்கப்படி பிஷி, பாட்டுப் பள்ளிக்கூடம் நடத்துகிறவள், தேங்காய்ப்பாலில் வெந்த இறாலைத் தூக்குச்சட்டியில் கொண்டு வந்தாள். ஷர்பாணி சர்க்கரை போட்ட பருப்பு ஒன்றும் போடாதது ஒன்றும் வைத்திருந்தாள். கல்யாணத்தில் அவள் கற்ற முதல் பாடம் அது.

மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்கு மிஸஸ் நியோகியைப் பார்க்க வேண்டும். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றுதான் கூடியிருந்தார்கள். கூடியதும் அதை மறந்தார்கள்.

"நூத்தி முப்பத்தெட்டு எங்களோடது," என்று சோற்றில் கை வைப்பதற்கு முன்பே பொல்டு மாமா ஆரம்பித்தார். "அதுல விவாதமே கிடையாது. பேச்சுன்னா பாரிசால். எங்க வீட்டுல ஊமைகூட சாட்சி சொல்லுவான்."

"பேசுறது பெரிசில்ல தம்பி, எப்போ நிறுத்தணும்னு தெரியணும்," என்றாள் பிஷி. "ஞாபகம் எங்களோடது. நூத்தி ஒன்பது. எங்க வீட்டுல மூணு தலைமுறைக்கு முன்னால யாரு எந்தக் கல்யாணத்துல எங்களுக்கு மரியாதைக்கு மீன் தலை வைக்கலைங்கிறது வரைக்கும் ஞாபகம் இருக்கு."

"வச்சுக்கோங்க திதி, சின்ன நம்பர்தானே. கட்டை விளையாட்டு நூத்தி இருபத்தொண்ணு, அதுவும் நம்ம பக்கம்தான்."

"அது எப்படி உங்க பக்கம்?"

"எங்க தாத்தா ஊரை விட்டு வரும்போது ஒரு வீட்டையே ஒரு படகுல அடுக்கினார். கட்டில், பீரோ, ஆர்மோனியம், பதினோரு உருப்படி ஆளு, ஒரு பசு. ஒரு இஞ்ச் வீணாகல. அதுக்குப் பேரு என்ன? இடத்தைக் கணக்குப் பண்ற திறமை."

"எங்க ஷியாம்பஜார் வீட்டுல ஒரே கூரைக்குக் கீழ நாற்பது பேரைப் படுக்க வச்சோம். அதுவும் பிடிக்காத ரெண்டு பேரு பக்கத்துல வராம. உங்க தாத்தாவால முடியுமா?"

ஷர்பாணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நூற்று இருபத்தொன்றை இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி என்று தீர்த்து வைத்தாள். சுபமய் அப்போதுதான் மீன் தலைக் கல்யாணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வாயெடுத்தான். யாரும் கவனிக்கவில்லை.

"சரி, நாளைக்கு அந்தம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றாள் ஷர்பாணி.

"முதல் பக்கத்தை மட்டும் குடு," என்றார் மாமா. "அதுல பேச்சும் கட்டையும் இருக்கு. ரெண்டாம் பக்கம் தொலைஞ்சு போச்சு. கோர்ட்டுல தினம் தொலையுது."

"பொய் எதுக்கு?" என்றாள் பிஷி. "நான் நேத்தே கூட்டி வகுத்துட்டேன். நூத்திப் பதினொண்ணு. கவுரவமான நம்பர். அதைச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுங்க."

அடடா, முதல்முறையாக இரண்டு வீட்டாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். எழுபத்தாறு வெளியே போகக் கூடாது. குழந்தையின் பேரில் மந்தம் என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால் பிறகு கழுவினாலும் போகாது என்றார்கள். ஷர்பாணியும் மெல்லத் தலையாட்டினாள். நூற்றுப் பதினொன்று திரையின் அடியில் ஓடுவதற்கு வசதியான எண்.

சுபமய் அந்த எண்ணை அடுத்த பக்கமிருந்தும் பார்த்தான். நூற்றுப் பதினொன்று என்று சொன்னால் மிஸஸ் நியோகி என்ன சொல்வார்? 'நூறுக்கு மேல. அப்போ மெத்தனம். கண்டிச்சு வளர்க்கணும்.' கூடுதல் நேரம் கிடைக்காது. அரைப் பரீட்சை முடிந்து முழுப் பரீட்சை வரை டிபன் நேரமெல்லாம் வகுப்பிலேயே போகும். வருஷக் கடைசியில் வெறும் தாள்களை நீட்டி மறுபடி மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். கவுரவமான அந்த எண்தான் பிள்ளையை நசுக்கப் போகிறது. இதைச் சொல்ல வேண்டும். அவன் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து அடுக்க ஆரம்பித்தான்.

டுனி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இல்லிஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முள்ளாலேயே செய்த மீன் அது. பெரியவர்களே அவசரப்பட்டால் தொண்டையில் வாங்கிக்கொள்வார்கள். அவள் ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் நீளப்படி வரிசையாக வைத்தாள். மற்றவர்கள் எல்லாரும் இறாலுக்குப் போயிருந்தார்கள். அவள் இன்னும் முதல் துண்டில்தான் இருந்தாள்.

"மாமா," என்றாள். "பேச்சு உங்களோடது. ஞாபகம் பிஷியோடது. கட்டை பாதிப் பாதி. எழுபத்தாறு யாரோடது?"

 பொல்டு மாமா, வங்காளத்தில் எந்த நீதிபதியாலும் நிறுத்த முடியாதவர், தண்ணீர் குடித்தார்.

"அது வந்து... அந்த டாக்டரோட கடிகாரம் வேகமா ஓடியிருக்கும்டா செல்லம்."

"அன்னிக்கு உனக்கு ஜலதோஷம்," என்றாள் பிஷி.

"எனக்கு ஜலதோஷம் இல்ல."

"வர்றதுக்கு முந்தின நிலை."

"ஒளிச்சு என்ன பிரயோசனம்?" என்று மாமா குரலைத் தாழ்த்தி, அதாவது பக்கத்து ஃபிளாட்டுக்கு மட்டும் கேட்கும்படி, பிஷியிடம் சொன்னார். "உங்க தம்பி குளிக்கப் போனா ஒரு கால்பந்து மேட்சு முடிஞ்சிடும். எங்கேயிருந்து வந்திருக்கும்னு நான் சொல்லணுமா?"

"ஓஹோ! எங்க வீட்டுலயா? உங்க ஆளுங்க எந்த விசேஷத்துக்காவது நேரத்துக்கு வந்ததுண்டா? கல்யாணத்துக்குப் பொண்ணையே ரெண்டு மணி நேரம் லேட்டா கொண்டு வந்தீங்க. அந்த எழுபத்தாறு எல்லை தாண்டி வந்த எழுபத்தாறு!"

"எங்களுக்கு வேண்டாம்!"

"எங்களுக்கும் வேண்டாம்!"

அந்த எண் மேசைக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் பறந்தது. சற்று முன்பு ஒவ்வொரு எண்ணுக்காகவும் அடித்துக்கொண்டவர்கள் இதை எதிராளியின் தட்டில் தள்ளிவிடப் பார்த்தார்கள். டுனி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த முள்ளைத் தட்டில் போட்டாள். வரிசையில் வைக்கவில்லை.

"யாருக்கும் வேண்டாம்னா," என்றாள், "டாக்டர் ஆன்ட்டிகிட்டயே திருப்பிக் குடுத்துடலாமா?"

குரலில் அழுகை இல்லை. கடையில் வாங்கிய பொருளை மாற்றுவது பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.  சுபமய் நியாயமாக அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் சரிந்து விழுந்தன. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை.

அதற்குள் மாமா வேகமாகப் பேச்சை மீனுக்குத் திருப்பியிருந்தார். "இந்த வருஷம் இல்லிஷுல கொழுப்பே இல்ல, தலை மட்டும் பரவாயில்ல, யாருக்குத் தலை?"

"என்னோடது," என்றான் சுபமய்.

"எடுத்துக்கோயேன், யாரு வேண்டாம்னா?" என்று மாமா மீன் தலையைத் தூக்கி அவன் தட்டில் வைத்தார்.

"தலை இல்ல தாதா. எழுபத்தாறு. அது என்னோடது."

தட்டில் மீன் தலை அவனையே பார்த்தது. மேசையில் இருந்த மற்றவர்களும் அவனையே பார்த்தார்கள்.

"சுபோ!" என்றாள் பிஷி. "என்ன உளர்ற? நீ கெட்டிக்காரன். கிளாஸ்ல உன் நோட்டைத்தான் எல்லாருக்கும் காட்டுவாங்க."

"அந்த நோட்டை யாரு எழுதினா திதி?"

பிஷியின் முகம் மாறியது. முந்தானையால் வாயைத் துடைத்தாள், துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"அதை இத்தனை பேர் முன்னால சொல்லணுமா?"

"சொல்லு."

"நான்தான் எழுதினேன். அதுக்கென்ன இப்போ?" என்று சீறினாள். "அம்மா இல்லாத புள்ள. முடிக்கலைன்னா அந்த மாஸ்டர் விரல்லயே அடிப்பான். ராத்திரி சோறு போட்டுட்டு உக்காந்து, உன் எழுத்து மாதிரியே இடது பக்கம் சாய்ச்சுச் சாய்ச்சு எழுதினேன். என் எழுத்து கெட்டதே அதனாலதான். ஒருத்தருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதானே எழுதினேன்?" அவள் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோபத்தில் இன்னும் இரண்டு இறாலைத் தம்பியின் தட்டில் போட்டாள்.

ஷர்பாணி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் கேட்டாங்களே, வீட்டுல யாராவது உண்டான்னு. ஏன் சொல்லல?"

"சொன்னேன்."

"எப்போ?"

"மாடிப்படியில. ரெண்டாவது வளைவுல. நீ போன்ல இருந்த."

அவள் பருப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.  "அப்போ இத்தனை வருஷமா நீ சொல்ல வந்ததையெல்லாம் நானே சொல்லி முடிச்சிருக்கேன், இல்ல?"

"பெரும்பாலும் சரியாத்தான் முடிச்ச."

"எதைத் தப்பா முடிச்சேன்?"

அவன் யோசித்தான். மேசை காத்திருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒன்று நடப்பது அதுவே முதல் தடவை.

"பால்கனிக்குப் பச்சை பெயிண்ட்டு," என்றான்.

டுனி நாற்காலியிலிருந்து இறங்கி, மேசையைச் சுற்றி வந்து, அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"பாபா, உன் பேப்பரையும் பாதியில பிடுங்கினாங்களா?"

"பிடுங்கினாங்க."

"நீ அழுதியா?"

"அழுதேன். ஆனா அங்க இல்ல. வீட்டுக்கு வந்து, குளிச்சு, சாப்பிட்டு, மறுநாள் சாயங்காலம்தான் அழுகை வந்தது. எதுக்கு அழறேன்னு யாருக்கும் புரியல."

டுனி சிரித்தாள். முதலில் கொஞ்சம், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "எனக்கும் அப்படித்தான் பாபா!" என்றாள். "எனக்கும் பஸ்சுலதான் வரும்!"

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதைப் பொல்டு மாமாவால் தாங்க முடியவில்லை. ஒரு எண், அதுவும் குழந்தைக்கு இத்தனை சந்தோஷம் தரும் எண், முழுசாக ஷியாம்பஜாருக்குப் போவதா?

"ஒரு நிமிஷம்," என்று கையை உயர்த்தினார். "முழுசும் உங்களோடதுன்னு எப்படிச் சொல்றீங்க? எங்க நடு சித்தப்பா லா படிப்பு முடிக்க எத்தனை வருஷம் எடுத்துக்கிட்டார் தெரியுமா? அவர் முடிக்கிறதுக்குள்ள சட்டமே மாறிடுச்சு."

"அது சோம்பேறித்தனம்," என்றாள் பிஷி. "எங்க சுபோவோடது பிறவிக் குணம். ரெண்டும் ஒண்ணாகுமா?"

"நடு சித்தப்பா ஒரு நெல்லிக்காய் சாப்பிட முக்கால் மணி நேரம் எடுத்துக்குவார் திதி! அது பிறவியா, சோம்பேறித்தனமா?"

"எங்க பெரியப்பா டிராமைப் பிடிக்க வீட்டை விட்டுக் கிளம்பினார்னா, போய்ச் சேரும்போது அந்த ரூட்டையே எடுத்திருப்பாங்க!"

டுனி தன் இடத்துக்குத் திரும்பிப் போய் மீதி மீனைச் சாப்பிட்டாள். பெரியவர்கள் பாயசம் முடித்துக் கை கழுவி, யார் வம்சம் அதிக மெதுவானது என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சண்டை போட்டபோதும் அவள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மிஸஸ் நியோகி முழு ரிப்போர்ட்டையும் வாங்கிப் புரட்டினார். டுனி வெளியே பெஞ்சில் இருந்தாள்.

"இத்தனை பக்கம் எனக்கெதுக்கு? மொத்த நம்பர் என்ன?"

ஷர்பாணியின் வாயில் பதில் வந்துவிட்டது, பற்களுக்குப் பின்னால் வந்து நின்றது, சுபமய் அதைக் கண்ணால் பார்த்தான். அவள் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடினாள். ஓடும் செய்தி எழுதுகிற ஒருத்திக்கு அது பிரசவ வலிக்குச் சமானம். மிஸஸ் நியோகி கடிகாரத்தைப் பார்த்தார். இருமினார். விசிறி சுற்றியது.

"மொத்தம் கிடையாது மேடம்," என்றான் சுபமய். அவர் ஏதோ சொல்ல வந்தபோது கையைக் கொஞ்சம் உயர்த்தினான். இன்னும் முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். "நாலு நம்பர் இருக்கு. மூணைப் பார்த்தா அவளுக்கு எல்லாம் தெரியும்னு புரியும். நாலாவதைப் பார்த்தா அதை எழுத நேரம் வேணும்னு புரியும். அவ மந்தமும் இல்ல, மெத்தனமும் இல்ல. நீங்க பேப்பரை வாங்குறப்போ அவகிட்ட பதில் இருக்கு. வழியில இருக்கு."

"எல்லாக் குழந்தைக்கும் ஒரே நேரம்தானே மிஸ்டர் லாஹா? ஒருத்திக்கு மட்டும் அதிகம் குடுத்தா அது நியாயமா?"

மறுபடி விசிறி சுற்றியது. ஷர்பாணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கும் ஒரே நேரம்தான் குடுத்தாங்க," என்றான் அவன். "எல்லாக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். இன்னி வரைக்கும் யாருக்கும் அது தெரியாது."

மிஸஸ் நியோகி அவனைப் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அரைப் பரீட்சைக்கு அரை மணி நேரம் கூடுதல், அதுவும் பரீட்சார்த்தமாக, அதற்குமேல் இப்போதைக்கு வாக்குக் கொடுக்க முடியாது என்றார். டிபன் நேரத்தில் உட்கார வைப்பதை நிறுத்தச் சொல்கிறேன் என்றும் சொன்னார். பெரிய மனசு பண்ணுகிற தோரணையில்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

வெளியே டுனி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

"என்ன சொன்னாங்க பாபா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. எதில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுபமய் வாயைத் திறந்து அப்படியே நின்றான். ஷர்பாணி மகளைப் பார்த்து, பொறு என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். அது தேவைப்படவே இல்லை. டுனி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அவனுக்கும் இடம் விட்டாள்.

"மெதுவா சொல்லு பாபா," என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."